தமிழ்99 பக் யார் தலையில்?

பிறை_மணி:
"பக்கை எந்தப் பேக்கேஜில் போட்டால் என்ன, உபுண்டுக்காரர்கள் மாற்றிக்கொள்வார்கள்" என்று இங்கே ஒருவர் புதியவர்களுக்கு உபதேசம் செய்திருக்கிறார். பக் என்றால் நிரலில் உள்ள பிழை, பேக்கேஜ் என்றால் உபுண்டு லினக்ஸில் நிரல்கள் வரும் மூட்டை; பிழையை எந்த மூட்டையின் பெயரில் புகார் செய்வது என்பதுதான் பேச்சு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஐபஸ் என்ற தட்டச்சு நிரலில் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டினால் புள்ளி தப்பாக விழுகிறது என்று ஒரு பையன் கேட்டான், அவன் தட்டியது லிப்ரேஆபீஸ் அலுவலக நிரலில் என்பதால் இவர் பக்கை அதன் மேல் போடச் சொல்லிவிட்டார். தமிழ்99 விதிகள் இருப்பது டிஏ-தமிழ்99.மிம் கோப்பில். ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜுடையது என்று காட்டும் டிபிகேஜி -எஸ் கட்டளையை அடித்தால் எம்17என்-டிபி என்ற பேக்கேஜ் என்று சொல்லும். லிப்ரேஆபீஸ்காரன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

செந்தூல்_ரவி:
அந்த ஒருவர் நான்தான் மணி அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். டிபிகேஜி -எஸ் கோப்பு யாருடையது என்று சொல்லும், தப்பு யாருடையது என்று சொல்லாது. உபுண்டு 22.04இல் எல்எஸ் கட்டளையின் கோப்பை /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் என்று கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கைவிரிக்கும். கோப்பு அங்கேதான் இருக்கிறது, ஆனால் டிபிகேஜி கணக்கில் அது /பின்/எல்எஸ்.

பிறை_மணி:
எல்எஸ்ஸைப் பற்றி யார் கேட்டது? மிம் கோப்புக்குச் சரியாகச் சொல்கிறதா இல்லையா?

யாழினி_கேஎல்:
பக் புகார் அனுப்பும் உபுண்டு-பக் கட்டளைக்கு -டபிள்யூ கொடுத்து சன்னலைச் சொடுக்கினால் பேக்கேஜை அதுவே கண்டுபிடிக்குமே அண்ணா.

பிறை_மணி:
சன்னல் லிப்ரேஆபீஸுடையது தங்கச்சி, அதனால் லிப்ரேஆபீஸ் என்றுதான் வரும், ரவி செய்த அதே தப்பு. சன்னல்களைத் திரையில் காட்டும் வேலண்ட் முறையில் அந்த -டபிள்யூவும் ஓடாது. இன்னொன்று, உபுண்டு-பக் நாம் சொன்ன பேக்கேஜுக்கு ஏற்ற விவரங்களைத்தான் திரட்டி அனுப்பும். தப்பான பேக்கேஜைச் சொன்னால் தப்பான விவரம்தான் போகும், பின்னால் ஒருவர் பெயரை மாற்றினாலும் அது மாறாது. டிபிகேஜி -எஸ் அடிக்க அரை நிமிடம் ஆகுமா?

செந்தூல்_ரவி:
அப்போர்ட்-கலெக்ட் என்று ஒன்று இருக்கிறது, பினாங்குக்கு இன்னும் வரவில்லை போல. அந்தப் பக் எண்ணைக் கொடுத்தால் விவரத்தை மறுபடி திரட்டும். உபுண்டு பக்குகளைப் பதியும் லாஞ்ச்பேட் தளத்தில் பேக்கேஜை மாற்றுவது ஒரு நிமிட வேலை. டெபியன் லினக்ஸில் ஒரு பேக்கேஜுக்குள் அடங்காத பொதுச் சிக்கல்களுக்கு 'ஜெனரல்' என்றே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், எங்கே போடுவதென்று தெரியாதவர்களும் அதில் போடுகிறார்கள்.

பிறை_மணி:
அந்த ஜெனரலில் போட்டது என்ன கதியாகும் என்று டெபியன்காரர்களைக் கேளுங்கள். பினாங்கை ஏன் இழுக்கிறீர்கள்? கேஎல்லில் எல்லாவற்றையும் அடுத்தவர் தலையில் கட்டுவதுதானே பழக்கம்.

குமரன்77:
அதே எழுத்தை ஜிஎடிட் என்ற வேறொரு எழுது நிரலில் தட்டிப் பார்த்தார்களா? அங்கேயும் தப்பாக வந்தால் எம்17என்-டிபியைச் சந்தேகிக்கலாம், லிப்ரேஆபீஸில் மட்டும் என்றால் லிப்ரேஆபீஸை. சண்டை முடிந்தது.

பிறை_மணி:
ஜிஎடிட் எதற்கு? மிம் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செந்தூல்_ரவி:
சொல்கிறேன். அதற்கு முன்னால், பத்துமலைப் பட்டறையில் என்னிடம் வாங்கிப் போன பென்டிரைவ் எங்கே? அதையும் டிபிகேஜி -எஸ் அடித்துப் பாருங்கள், யாருடையது என்று வரும்.

பிறை_மணி:
அதை நான் யாழினியிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

யாழினி_கேஎல்:
என்னிடமா?!

பிறை_மணி:
பேச்சை மாற்றாதீர்கள். மிம் கோப்பு எம்17என்-டிபியில்தான் இருக்கிறது. டிபிகேஜி -எஸ் அடித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.