குவைத் டப்பாவில் மீன்கறி வைக்கலாமா?

கருங்கல் பொண்ணு:
வீட்டில் ஒரு வழக்கு ஓடுகிறது, நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். அப்பா 1986இல் குவைத்திலிருந்து லீவுக்கு வந்தபோது பதினொரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தார். பிரிட்ஜில் வைக்கிற டப்பா, ஆனால் எங்கள் வீட்டில் அப்போது பிரிட்ஜே கிடையாது, அது வர மூன்று வருஷம் ஆனது, அதுவரைக்கும் டப்பா எல்லாம் கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகள் பார்க்க இருந்தது. 1990இல் சண்டை வந்து அப்பா ஜோர்டானில் உள்ள அம்மான் நகரம் வழியாக ஒரே ஒரு பையோடு திரும்பினார், அங்கே வாங்கிச் சேர்த்ததெல்லாம் போச்சு. அதனால் அம்மாவுக்கு இந்த டப்பா என்றால் உயிர்.

இப்போது ஒன்பது மிச்சம். ஆரஞ்சு நாலு, கடுகு மஞ்சள் ரெண்டு, பச்சை ஒன்று, கண்ணாடி மாதிரி தெளிவாக ரெண்டு. ஆரஞ்சில் ஒன்றுக்கு வெளிப்பக்கம் பிசுபிசுப்பு, எத்தனை தரம் கழுவினாலும் மறுநாள் விரல் ஒட்டுகிறது. மூடிகள் விறைத்துப்போய் ஒரு மூலையை அமுக்கினால் அடுத்த மூலை எழும்புகிறது. பச்சை டப்பாவில் ஒக்கி புயல் நாற்றம் இன்னும் இருக்கிறது, சும்மா சொல்லவில்லை, 2017இல் எட்டு நாள் கரண்ட் இல்லாமல் அதற்குள்ளே இருந்த நெத்திலி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். தம்பி பொண்டாட்டி எல்லாவற்றையும் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடைக்குப் போடச் சொல்கிறாள். அம்மா அதே ஆரஞ்சு டப்பாவில் சாளை மீன்கறியைச் சூடாக ஊற்றி வைக்கிறாள். யார் பக்கம் நியாயம்? அடியில் என்ன பிளாஸ்டிக் என்று காட்டுகிற முக்கோணம் எதுவும் இல்லை, நடுவில் கோடு போட்ட ஒரு நம்பர் மட்டும் இருக்கிறது.

வடசேரி மைனி:
நாற்றத்துக்கு மட்டும் சொல்கிறேன், மற்றது எனக்குத் தெரியாது. ஆப்பசோடாவைக் குழைத்து உள்ளே பூசி ஒரு ராத்திரி விடு, கழுவிக் காயவைத்து, சிரட்டைக்கரி ரெண்டு துண்டு போட்டு மூடி ஒரு வாரம் மறந்துவிடு. நாற்றம் டப்பாவில் பாதி, மூடியின் பள்ளத்தில் பாதி. அந்தப் பள்ளத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் வருகிற கறுப்பைப் பார்த்தால் நீயே பயந்துவிடுவாய் மக்களே.

மோல்டிங் அண்ணன்:
இருபது வருஷம் பிளாஸ்டிக் வார்க்கிற வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முக்கோண நம்பர் 1988இல்தான் அமெரிக்காவில் ஆரம்பித்தது, 86இல் வந்த டப்பாவில் நீங்கள் தேடினாலும் இருக்காது. அதனால் வாளியில் தண்ணீர் பிடித்து டப்பாவை மூடியில்லாமல் முழுக்க அமுக்கி, உள்ளே காற்று நிற்காமல் சாய்த்து, கையை எடுங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், ரெண்டுமே தண்ணீரை விட லேசு. மூழ்கினால் வேறு. உங்கள் தெளிவான ரெண்டும் மூழ்கும் என்றுதான் நினைக்கிறேன். தட்டினால் டங் என்று கண்ணாடிச் சத்தம் வந்து ஓரத்தில் மயிர்க்கோடு விழுந்திருந்தால் பாலிஸ்டைரீனாக இருக்கலாம். கீழே போட்டும் உடையாத ரகம் என்றால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம், அதில்தான் பிபிஏ என்கிற ரசாயனச் சமாச்சாரம் வரும், சூடும் கீறலும் சேர்ந்தால் கூடுதலாகக் கசியும். அந்த ரெண்டிலும் சாப்பாடு வேண்டாம்.

ஆரஞ்சும் மஞ்சளும் வேறு கதை. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்குக்கு அடர்ந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வரக் காட்மியம் என்கிற நச்சு உலோகம் சேர்ந்த நிறமிகளைப் பரவலாகப் போட்டார்கள், ஐரோப்பாவில் 1991இல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. உங்கள் டப்பாவில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஆனால் புளியும் எண்ணெயும் சூடும் ஒன்றாகச் சேர்கிற இடம் நம்ம மீன்கறி, அதைப் போய் அதிலே ஊற்ற வேண்டுமா? பருப்பு, வெந்தயம், வத்தல் போல உலர்ந்த சாமான் போடலாம்.

பிசுபிசுப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் குடித்த எண்ணெய் நாள்பட்டுப் பசையாவதுதான். ஆப்பசோடா போட்டு ரெண்டு மூன்று தரம் தேய்த்தும் திரும்ப வந்தால் அந்த ஒன்றை விட்டுவிடுங்கள். மூடி விறைத்திருந்தால் கை பொறுக்கிற சூட்டு நீரில் அஞ்சு நிமிஷம் போட்டுவிட்டு மூடிப்பாருங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது, மெல்லிய பாலிஎத்திலீன் நூறு டிகிரி வருவதற்கு முன்னாலேயே தொய்ந்து கோணிவிடும். அப்புறம் மஞ்சள் கறை. அது வெயிலுக்குத்தான் போகும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும். ஒன்றிரண்டு மணி நேரம் மொட்டைமாடியில் வையுங்கள் போதும், நாள்கணக்கில் விட்டால் டப்பாவே பொரிந்துபோகும். நம்ம ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, வெயில் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பழசுப் பிரியன்:
அந்தக் கோடு போட்ட நம்பர் வருஷமும் இல்லை, விலையும் இல்லை. டப்பர்வேர் கம்பெனி டப்பாவில் கோட்டுக்கு முன்னால் வருவது அச்சின் எண், அதை வைத்துத்தான் சேகரிக்கிறவர்கள் எந்த மாடல் என்று கண்டுபிடிப்பார்கள், ஆனால் அடியில் பெயரும் இருக்கும், அதையும் பாருங்கள். ஏர்ல் டப்பர் என்கிற அமெரிக்கர் 1946இல் இந்த டப்பாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார், மூடி யோசனை பெயின்ட் டின் மூடியிலிருந்து பிறந்தது. நடுவில் அமுக்கி ஓரத்தை லேசாகத் தூக்கினால் புஸ் என்று காற்று போகும் பாருங்கள், அதுதான் அதன் உயிர். ஆனால் கடையில் ஜனங்களுக்கு மூடத் தெரியவில்லை, 1951இல் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டு வீட்டில் கூட்டம் கூட்டி மட்டும் விற்க ஆரம்பித்தார்கள். இந்தியாவுக்கு வந்தது 1996இல். உங்கள் அப்பா அதற்குப் பத்து வருஷம் முந்திவிட்டார்! ஆக்கருக்குப் போடாதீர்கள் அக்கா, அலமாரியிலாவது இருக்கட்டும்.

திங்கள்சந்தை:
இவ்வளவு பேச்சு எதுக்கு? மீன்கறி மண்சட்டியில் இருந்தால்தான் மறுநாள் ருசி. டப்பாவில் போட்டுக் குளிரவைத்த கறியை நான் தொடவே மாட்டேன்.

கருங்கல் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. வாளி சோதனை பண்ணினேன், தெளிவான ரெண்டும் கல் மாதிரி போச்சு, ஒன்றில் மயிர்க்கோடும் இருக்கிறது. அதில் அம்மா இப்போது பட்டன், ஊசி, நூல் போட்டிருக்கிறாள். மைனி, பள்ளத்தைத் தேய்த்தேன், அந்தக் கறுப்பை தம்பி பொண்டாட்டி கண்ணில் காட்டாமல் கழுவிவிட்டேன். பிசுபிசுப்பு ஒன்று மட்டும் ஆக்கருக்கு, அதற்கே அம்மா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாளைக்கறி கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாறியாச்சு என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். நேற்று ராத்திரி அடுக்களையில் புஸ் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் வெந்தயத்தை ஒரு காகிதத்தில் கொட்டிவைத்துவிட்டு, ஆரஞ்சு டப்பாவில் மீதி உள்ளித் தீயல், அதுவும் புளிக்குழம்புதான்.