எல்க் வேட்டைக்கு ரைஃபிள்: தனித்தனியாக வாங்கிக் கட்டவா, கடையில் எடுக்கவா?

டென்வர்வாசி:
வணக்கம். வரும் அக்டோபரில் கொலராடோவில் எல்க் (பெரிய மான்) வேட்டைக்குப் போக ஆசை. பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டேன். நான் இடக்கைக்காரன், உயரம் ஐந்தடி நாலு அங்குலம். கடையில் எந்த ரைஃபிளைத் தூக்கினாலும் தோளுக்கு நீளமாகவே இருக்கிறது. ரெமிங்டன் 700 ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் நடுப்பகுதி), தனி பேரல் (குழல்), தனி ஸ்டாக் (தோளில் அண்டும் கட்டை) என்று கட்டிக்கொள்ளலாமா, பேசாமல் கடையில் டிக்கா ரைஃபிள் வாங்கிவிடவா? எச்1பி விசாவில் இருக்கிறேன். அதனால் சிக்கல் வருமா?

மலைக்காட்டான்:
விசாவை முதலில் முடித்துவிடுவோம். தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. அதனால் உரிமத்தை வாங்கிக்கொண்டே கடைக்குப் போங்கள், துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் கேட்பார்கள். கட்டினாலும் இதே கதைதான். ஆக்‌ஷனைத்தான் சட்டம் துப்பாக்கி என்கிறது, அது டீலர் வழியாகத்தான் வரும். பேரலும் ஸ்டாக்கும் வீட்டுக்கே வந்துவிடும்.

உங்கள் பிரச்சினை ஸ்டாக்கில் இருக்கிறது, அதற்காக ஒரு ரைஃபிளையே கட்டுவானேன்? ட்ரிக்கரிலிருந்து பின்முனை வரை கடைச் சரக்கு பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தைத் தாண்டும். நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கிப் பட்டறைக்காரர்) அதை அறுத்து ரப்பர் பேடு வைத்துக் கொடுப்பார். சாவேஜ் 110 இடக்கைக்கும் வருகிறது, அதன் அக்யூஃபிட் ஸ்டாக்கில் நீளத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். டிக்காவிலும் இடக்கை மாடல் உண்டு.

துல்லியம்? டிக்கா 100 கெஜத்தில் மூன்று குண்டுகளை ஓர் அங்குலத்துக்குள் போடும். 300 கெஜத்தில் அது மூன்று அங்குலம். எல்க்கின் நெஞ்சு ஓரடிக்கும் மேல். பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சிரைக்க நிற்கும்போது, உங்கள் கை ஆடுகிற ஆட்டத்தில் கஸ்டம் பேரல் தரும் அரை அங்குலத் துல்லியம் காணாமல் போய்விடும். நான் விசாரித்தவரை, கட்டினால் எளிதில் 4,000 டாலரைத் தாண்டும். அக்டோபருக்குள் கைக்கு வருவதும் சந்தேகம்.

லேத்துப்பட்டறை:
மலைக்காட்டான் அண்ணா சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் ஸ்டாக்கின் மர ரேகையைத் தேர்ந்தெடுப்பது, பேரல் கனத்தை முடிவு செய்வது, இதெல்லாம் தனி சுகம். எனக்கு வேட்டையைவிட அதுதான் பிடிக்கும். ஒன்று மட்டும்: ரெமிங்டன் ஆக்‌ஷனில் பேரல் மாட்டும்போது ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்காரும் இடத்தின் நீள அளவு) பிசகினால் ஆபத்து. அதைக் கன்ஸ்மித்திடம் விட்டுவிடுங்கள்.

டென்வர்வாசி:
சரி, இந்த வருடம் சாவேஜ்தான். எந்தத் தோட்டா? 6 மிமீ கிரீட்மூரில் தோளில் உதை குறைவு என்கிறார்கள். ஸ்கோப்புக்கு 150 டாலர் ஒதுக்கியிருக்கிறேன்.

மலைக்காட்டான்:
6 மிமீ கொலராடோ எல்க்குக்குச் செல்லாது, குறைந்தது .26 அங்குல விட்டம் வேண்டும். 6.5 கிரீட்மூர் .264, தப்பித்துவிடும். நானாக இருந்தால் .308தான். எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும்.

ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதீர்கள். மங்கலான விடியலிலும் அந்தியிலும்தான் எல்க் அதிகம் வெளியே வரும், அப்போது மலிவான ஸ்கோப் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 3-9 ஸ்கோப் போதும், ஆனால் நல்லதாக வாங்குங்கள். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கி, சுடுதளப் பெஞ்சை விட்டு இறங்கி முட்டி போட்டுச் சுட்டுப் பழகுங்கள். அப்புறம், ஆரஞ்சு உடுப்பு 500 சதுர அங்குலம் கட்டாயம், தொப்பியும் வேண்டும். பளிச்சென்ற பிங்க்கும் செல்லும், என் வீட்டுக்காரம்மா அதைத்தான் போடுகிறார்.