ஸ்கிரீனிங்குக்கு ‘ஒடுங்கல்’ பொருந்துமா?

சில ஈர்ப்புக் கோட்பாடுகளில் கூடுதலாக ஒரு விசை வரும். பருப்பொருள் அடர்ந்த இடங்களில் அது வெளித்தெரியாமல் மறைவதைத்தான் ‘ஸ்கிரீனிங்’ என்கிறார்கள். அதற்கு ‘திரையிடல்’ என்ற உங்கள் பரிந்துரையை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இந்த விண்மீன் மண்டலம் திரையிடப்பட்டுள்ளது’ என்று வந்தது. எந்தத் தியேட்டரில் என்று கேட்டுவிட்டுத்தான் வாசகர் அடுத்த வரிக்குப் போவார்.

பள்ளிப் பாடநூலில் உள்ள ‘தடுப்புறை’யையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். நிலைமின்னியலில் அது சரி. உலோகக் கூட்டின் பரப்பில் மின்னூட்டங்கள் இடம் மாறி, உள்ளே புலத்தை இல்லாமல் ஆக்குகின்றன. உறை கண்ணுக்கே தெரிகிறது. ஈர்ப்பில் எதிர்க்குறி நிறை ஏது, உறை ஏது?

இயற்பியலாளர்கள் ஜஸ்டின் கூரியும் அமாண்டா வெல்ட்மனும் 2003-இல் முன்வைத்த, இந்தக் கூடுதல் விசையைச் செலுத்தும் பச்சோந்திப் புலத்தையே பாருங்கள். (அரசியல் மேடை அந்தப் பிராணியைக் கெடுத்துவைத்திருக்கிறது, இயற்பியலிலாவது பிழைக்கட்டும்.) சுற்றிலும் பருப்பொருள் அடர்ந்தால் இந்தப் புலத்தின் நிறை கூடும், அது செலுத்தும் விசையின் எட்டம் குறுகும். சூரியன் போன்ற ஒரு கோளத்தில் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய ஓடு மட்டுமே வெளியே இந்த விசையைக் காட்டும். ஆழத்தில் உள்ள பொருள் இருந்தும் இல்லாத கணக்கு. அதனால்தான் சனிக் கோளுக்குச் சென்ற காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகளைக் கொண்டு செய்த சோதனையில், கூடுதல் விசை இல்லாத ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் லட்சத்தில் சில பங்குகூடப் பிசகாமல் தேறியும், இத்தகைய கோட்பாடுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அண்டத்தின் பெருவெற்றிடங்களில் அதே விசை தலைநீட்டும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டை மாற்றி எழுதும் எஃப்(ஆர்) கோட்பாடுகளில் ஈர்ப்பு மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம். விண்மீன் மண்டலங்கள் திரண்டு உருவாகும் அண்டக் கட்டமைப்பும் அதனால் விரைந்து வளரும்.

ஆமை ஓட்டுக்குள் போவது போல விசை தானே உள்வாங்கிக்கொள்கிறது. ஆகவே ‘ஒடுங்கல்’ என்கிறேன். ‘ஒடுக்கல்’ வேண்டாம். பிறவினையானால் ஒடுக்குகிறவர் யார் என்ற கேள்வி எழும். பின்னாலேயே ஒடுக்குமுறையும் வந்து நிற்கும்.

இயற்பியலாளர் வைன்ஷ்டைன் 1972-இல் காட்டிய இன்னொரு ஸ்கிரீனிங் வழிமுறைக்கும் இச்சொல் ஒத்துவருகிறது. அங்கே நிறையைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவு வரை கூடுதல் விசை அடங்கிக் கிடக்கும். அந்தத் தொலைவை ‘ஒடுங்கல் ஆரம்’ எனலாம்.

ஒரு குறை எனக்கே உறுத்துகிறது. ‘ஒடுங்கிய பகுதி’ என்றால் குறுகலான இடம் என்றுதான் முதலில் படுகிறது. பெயரடையாக வரும்போது ‘விசையொடுங்கிய’, ‘விசையொடுங்காத’ என்று சேர்த்தே எழுத வேண்டியிருக்கும். நீளம்தான், தியேட்டருக்கு இது தேவலை.