பத்தாவது ஆள்

மாதுங்காவாசி:
ஆறு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. தென் மும்பையில் மழைக்கு ஒரு யூத ஜெப ஆலயத்தின் வாசலில் ஒதுங்கினேன். உள்ளிருந்து வந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் யூதரா?" என்று இந்தியில் கேட்டார். (மராட்டி பேசும் பெனே இஸ்ரேல் யூதர்கள் பார்வைக்கு நம்மைப் போலத்தானே இருப்பார்கள்.) இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. தகப்பனை இழந்த ஒரு பையன், இறந்தவர்களுக்காகச் சொல்லும் காதிஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வந்திருக்கிறான். அதற்குப் பத்துப் பேர் வேண்டுமாம். சேர்ந்தது ஒன்பது பேர். பெரியவர் உள்ளே போய் மறுபடி எண்ணினார். ஒன்று, இரண்டு என்று அல்ல. பத்துச் சொல் கொண்ட சங்கீத வசனம் ஒன்றை ஆளுக்கு ஒரு சொல்லாக. ஒன்பதாவது சொல்லில் நின்றுவிட்டார். தெருவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பையன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். நான் "ஆம்" என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இரவுப்பணி:
என் கதை வேறு. எருசலேமில் ஒரு தாத்தாவைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். காலை ஜெபம் முடிந்ததும் அவருடைய படிப்புக் கூட்டாளி வந்துவிடுவார். யூதர்களின் சட்ட விவாத நூலான தால்முதில் நாளுக்கு ஓர் ஏடு. மொத்தம் 2,711 ஏடுகள், முடிக்க ஏழரை வருடம். நம் ஊரில் ஏழரை என்றால் சனிதான் நினைவுக்கு வருவார்! முதல் வாரம் மேசையைக் குத்தும் சத்தம் கேட்டு, அடிதடி என்று ஈரக்கையோடு ஓடினேன். இரவல் வாங்கிய மாடு செத்தால் யார் பொறுப்பு என்று சண்டை. இருவரிடமும் மாடு கிடையாது. அந்தக் களேபரத்தில் புத்தகம் விழுந்தது. சட்டென்று இருவரும் அடங்கினார்கள். நான்தான் எடுத்தேன், பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தாத்தா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கி முத்தமிட்டுவிட்டு, மாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவல்தட்டு:
மாதுங்காவாசி ஐயா, நஷ்டம் அந்தப் பையனுக்குத்தான். நீங்கள் பொய் சொல்லி நின்றிருந்தாலும் கணக்கு ஒன்பதுதான். 13 வயது நிறைந்த யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். (சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் சேர்ப்பார்கள்.) ஜெபத்தைத் தனியாகவும் சொல்லலாம், காதிஷை மட்டும் கூட்டமில்லாமல் சொல்ல முடியாது. பெற்றோருக்காக 11 மாதம் சொல்கிறார்கள். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, முழுக்கக் கடவுள் துதி. எண்ணாமல் எண்ணுவதும் அதிசயமில்லை. நெல் அளக்கும்போது நாம் ஒன்றை "லாபம்" என்கிறோமே.

என் அனுபவம் சிறியது. தானேயில் பக்கத்து வீட்டு பெனே இஸ்ரேல் அம்மா, எலியா தீர்க்கதரிசியின் பேரில் மாலிதா என்ற படையல் வைத்து, இனிப்பு அவலும் தேங்காயும் பழமும் தட்டில் வைத்துத் தந்தார். கிருஷ்ண ஜயந்தியா என்று கேட்டுவிட்டேன். அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

ஜெப ஆலயத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் காவல் அதிகம். ஆண்கள் தலையை மூட வேண்டும். சனிக்கிழமை கைபேசியையும் பேனாவையும் வெளியே எடுக்காதீர்கள். பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், வேறு இடங்களில் அப்படி இல்லை. துக்க வீட்டில் அவர்கள் பேசும்வரை நாம் பேசக் கூடாது. அங்கே பழம் கொண்டு போகலாம், சமைத்தது வேண்டாம்.

மாதுங்காவாசி:
செருப்பு யோசனை நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. செல்லாது என்பது அன்று எனக்குத் தெரியாது. உறுத்துவது அதுவும் இல்லை. மழை விட்டுக் கிளம்பும்போது யாரோ ஒருவர் நனைந்தபடி உள்ளே ஓடினார்; பெரியவர் வசனத்தை முதலிலிருந்து தொடங்குவது கேட்டது. பஸ் வந்துவிட்டது. எந்தச் சொல்லில் முடிந்தது என்று நின்று கேட்காமல் ஏறிவிட்டேன்.