முனீஸ்வரன் கோவில் தெருவில் கிரிஸ்டல் ரேடியோ: வாங்கலாமா?

காரைக்குடி வால்வு:
நம்ம காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழஞ்சாமான் கடையில் சின்ன மரப்பெட்டி ஒன்று பார்த்தேன். மேலே கறுப்புப் பலகை, கண்ணாடிக் குழாய்க்குள் கல்லும் மெல்லிய கம்பியும், ஒரு குமிழ், கூடவே ஹெட்போன். பேட்டரிக்கு இடமே இல்லை. பெட்டியில் பி.பி.சி. என்று வட்ட முத்திரை. "செட்டியார் வீட்டுச் சாமான், அந்தக் காலத்தில் பட்டாலையில் உட்கார்ந்து மெட்ராஸ் கேட்டார்கள்" என்கிறார் கடைக்காரர். விலை 14,000. வால்வு ரேடியோதான் எனக்குப் பழக்கம். இதில் எதைப் பார்க்க வேண்டும்?

தேவகோட்டை ஏரியல்:
தம்பி, முதலில் அந்தக் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கிரிஸ்டல் செட்டுக்குச் சொந்தச் சக்தி கிடையாது. ஏரியலில் வந்து விழும் அலையின் பலத்தில்தான் ஹெட்போன் பேச வேண்டும். அந்தக் கால நிலையம் என்றால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் தெளிவாகக் கேட்கும். மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. இங்கிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். திருச்சி நிலையம் வந்ததே 1939-ல். மெட்ராஸிலோ கொழும்பிலோ இருந்தவர் யாராவது ஊர் திரும்பும்போது கொண்டுவந்திருக்கலாம்.

முத்திரை நல்ல அடையாளம். 1922-ல் பி.பி.சி. தொடங்கியபோது இங்கிலாந்தில் அனுமதி பெற்ற செட்டுகளில் அடித்தது அது. பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கறுப்புப் பலகையைக் கட்டைவிரலால் சூடேறத் தேயுங்கள். கந்தக வாசனை வந்தால் எபோனைட், அந்தக் காலக் கெட்டி ரப்பர். வெயில் பட்டுப் பழுப்பேறியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வயசு.

அப்புறம், அடிப்பலகையைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை ஆசை அவசரத்தில் வாங்கி வந்து வீட்டில் திறந்தால், கல்லின் வேலையைத் தானே செய்துவிடும் ஜெர்மானியம் டயோடு ஒன்றைக் கல்லுக்குக் குறுக்கே பற்றவைத்திருந்தது. அது 1940-களில் வந்த சாமான். கல் வெறும் அலங்காரம். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
ஹெட்போனை விட்டுவிடாதீர்கள். பாதி மதிப்பு அதில்தான். மல்டிமீட்டரில் இரண்டு காதும் சேர்ந்து 4,000 ஓம் பக்கம் காட்ட வேண்டும். இப்போதைய 32 ஓம் ஹெட்போனை நேராக மாட்டினால் ஒன்றும் கேட்காது. கல்லை விரலால் தொட வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் மந்தமாகிவிடும். அது கலீனா, ஈயக் கந்தகக் கல். அந்தக் கல்லால் ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவிக்கு நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் 1904-லேயே காப்புரிமை வாங்கியவர். எங்கள் ஐயாவின் செட்டைப் பாலிஷ் போட்டுப் பழைய எழுத்தையெல்லாம் அழித்துவிட்டார்கள். நீங்கள் துணியால் துடைத்தால் போதும்.

காரைக்குடி வால்வு:
திறந்து பார்த்தேன். டயோடு இல்லை, சுருளில் பருத்தி நூல் சுற்றிய பழைய கம்பி. ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யவில்லை என்று காட்டி 11,000-க்கு முடித்தேன். மொட்டைமாடியில் முப்பது மீட்டர் கம்பி கட்டி, எர்த்தைக் கிணற்றடி இரும்புக் குழாயில் கொடுத்தேன். கம்பி முனையைக் கல்லில் ஓர் இடம் விடாமல் நகர்த்தி முக்கால் மணி நேரம் ஆனது. ராத்திரி எட்டரைக்குத் திருச்சி, 936 கிலோஹெர்ட்ஸ். கொசு ரீங்காரம் அளவுக்குத்தான், ஆனால் தமிழ். அப்பத்தாவின் காதில் வைத்தேன். "கரண்டு எங்கே?" என்று பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தார்கள்.

தேவகோட்டை ஏரியல்:
இறந்த காதைப் பிரிக்காதீர்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள், கோளாறு எங்கே என்று சேர்ந்து பார்ப்போம்.