நியூஜெர்சியில இத்தாலியன் கடை, 11 பேர், அம்மா மரக்கறி: என்ன ஓடர் பண்ணுறது?

வடலி (கோண்டாவில்):
வணக்கம். ஆனி மாசம் குடும்பமா நியூஜெர்சிக்குப் போறம். அண்ணா அங்க ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரிய இத்தாலியன்-அமெரிக்கன் ரெஸ்ரோரண்டில 11 பேருக்கு மேசை சொல்லப் போறாராம். ஆளுக்கொரு கோப்பை இல்லை, பெரிய தட்டங்கள் நடுவில வரும், எல்லாரும் எடுத்துப் போட்டுச் சாப்பிடவேணும். 8 பெரியாக்கள், 3 பிள்ளையள். அம்மா வெள்ளியில சுத்த மரக்கறி, முட்டையும் இல்லை. அப்பா மச்சம் சாப்பிடுவார், ஆனால் மாடும் பண்டியும் தொடமாட்டார். உறைப்பில்லாட்டி அவருக்கு இறங்காது. எத்தினை தட்டம் காணும்? மெனுவில எந்தப் பேருகளுக்குக் கவனமா இருக்கவேணும்? பில்லில ரிப் (பரிமாறுற ஆக்களுக்குக் குடுக்கிற காசு) எவ்வளவு வைக்கிறது?

சுன்னாகம்77:
முதல்ல எண்ணிக்கை. நியூயோர்க்கில 1990இல தொடங்கின கார்மைன்ஸ் மாதிரியான கடையளில ஒரு பெரிய தட்டம் நாலு பேருக்குத் தாராளமாக் காணும், சிலது ஆறு பேருக்கும் வரும். ஒரு றாத்தல் காய்ஞ்ச பாஸ்ராவை, 454 கிராம், அவிச்சால் எவ்வளவு பொங்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. உங்கட ஆக்களுக்கு ஒரு சலாட், ஒரு கணவாய்ப் பொரியல், ரெண்டு பாஸ்ரா, ரெண்டு கோழி அல்லது கடலுணவு, ஒரு மரக்கறிப் பக்கத்தட்டு. அவ்வளவுதான். குறைஞ்சால் பிறகும் சொல்லலாம், கூடினதைத் திருப்பேலாது. கன கடையளில பாண் முதல்லயே வந்திடும். பிள்ளையளை அதில வயிறு நிரப்ப விடாதேங்கோ.

இந்தப் பெருந்தட்டுக்கு ஒரு காரணம் இருக்கு. 1880க்கும் 1924க்கும் இடையில தெற்கு இத்தாலியிலயிருந்து லட்சக்கணக்கான ஏழைச் சனம் அமெரிக்காவுக்குப் போனது. ஊரில இறைச்சி அருமை, அங்க மலிவு. அதாலதான் இத்தாலியில பாஸ்ராவுக்குப் பிறகு தனியா வாற இறைச்சி, அமெரிக்காவில பாஸ்ராவுக்கு மேலயே ஏறினது. கத்தரிக்காயைப் பொரிச்சு தக்காளி சோஸும் சீஸும் போட்டுச் செய்த பார்மஜானா கோழிக்கு மாறி 'சிக்கன் பார்ம்' ஆனதும் அப்பிடித்தான்.

அப்பாவுக்கு: 'மீற்போல்' எண்டால் பெரும்பாலும் மாடும் பண்டியும் கலந்தது. 'சொசேஜ்' பண்டி. 'சிக்கன் ஸ்கார்பாரியெல்லோ' பேரில கோழி இருந்தாலும் அனேகமா சொசேஜும் போடுவினம். நியூஜெர்சியில 'கிறேவி' எண்டு எழுதியிருந்தால் அது எங்கட குழம்பு இல்லை, இறைச்சியோட மணிக்கணக்கா அவிஞ்ச தக்காளி சோஸ். இறைச்சியை எடுத்து வைச்சாலும் சாறு உள்ளுக்க இருக்கும். எல்லாத்துக்கும் 'மரினாரா', அதாவது இறைச்சி போடாத தக்காளி சோஸ், போடச் சொல்லுங்கோ. அவருக்குச் சரியான தட்டு 'றால் ஃப்ரா டியாவோலோ': றால், தக்காளி, உள்ளி, காய்ஞ்ச மிளகாய். 'எக்ஸ்ட்ரா ஸ்பைசி' எண்டு சொன்னால்தான் எங்கட நாக்குக்குத் தெரியும். 'லோங் ஹொட்ஸ்' எண்டு ஒரு தட்டு இருந்தால் விடாதேங்கோ, நீளப் பச்சை மிளகாயை ஒலிவ் எண்ணெயில உள்ளியோட வதக்கினது. மேசைக்கு இடிச்ச காய்ஞ்ச மிளகாயும் கேட்டால் தருவினம்.

குசினிக்காரி:
அம்மாவின்ர பக்கத்தை நான் சொல்லுறன். அதுதான் கரைச்சலானது, ஏனெண்டால் பேரைப் பார்த்து மரக்கறி எண்டு நம்பேலாது. சீசர் சலாட்டில நெத்தலி மாதிரி ஆன்ச்சோவி மீனும் முட்டையும் இருக்கும், ஆகவே ஹவுஸ் சலாட், எண்ணெயும் வினாகிரியும் தனியா. மினெஸ்ட்ரோனி சூப் மரக்கறி போலத் தெரியும், இறைச்சி அவிச்ச தண்ணியில செய்யிற இடங்களும் உண்டு. கத்தரிக்காய் பார்மில முட்டையில தோய்ச்சுப் பொரிக்கிறது வழக்கம். பச்சையாச் செய்யிற பாஸ்ராவிலயும் றவியோலியிலயும் முட்டை சேரும். காய்ஞ்ச ஸ்பகெட்டி, பென்னே வழமையா கோதுமை றவையும் தண்ணியும்தான், ஆனாலும் கேட்டு உறுதிப்படுத்துங்கோ.

சீஸ்தான் கனபேர் கவனிக்காதது. அசல் பார்மிஜானோ றெஜானோவுக்குப் பாலை உறைய வைக்கிறது கண்டுக்குட்டியின்ர வயித்திலயிருந்து எடுக்கிற றென்னற். அம்மாவுக்கு இதைச் சொல்லாமல் விடுறது சரியில்லை, அவவே முடிவெடுக்கட்டும். வேண்டாமெண்டால் 'நோ சீஸ்' எண்டு ஓடர் குடுக்கேக்கையே சொல்லவேணும், சில இடத்தில மேல தூவித்தான் கொண்டு வருவினம்.

அவவுக்கு ஒரு பென்னே மரினாரா, ஒரு 'ப்ரொக்கொலி றாப்' எண்ட கீரை உள்ளியோட வதக்கினது. அது கசக்கும், பாகக்காய் பிடிக்கிற ஆக்களுக்கு நல்லாப் பிடிக்கும். ரெண்டு தட்டையும் அவவுக்குப் பக்கத்தில வைச்சு, கரண்டியையும் அங்கயே விடுங்கோ. நடுத்தட்டுச் சாப்பாட்டில பிழைக்கிறது குசினியில இல்லை, மேசையில: கோழி எடுத்த கரண்டி மரக்கறித் தட்டுக்குப் போயிடும். முதல் பரிமாறல் அம்மாவுக்கு எண்டு வைச்சால் பிரச்சினை இல்லை.

இனிப்பில திராமிசுவுக்கு முட்டையும் பெரும்பாலும் றம் அல்லது மார்சலா வைனும் போகும். அம்மாவுக்கு லெமன் ஐஸ் கேளுங்கோ.

வடலி:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. மரினாராவுக்கு வைன் விடுவினமோ?

குசினிக்காரி:
சில குசினியில விடுவினம், கேளுங்கோ. 'வொட்கா சோஸ்', 'மார்சலா', 'பிக்காட்டா' மூண்டிலயும் மதுசாரம் இருக்கும். கொதிச்சால் முழுக்கப் போயிடும் எண்டு சொல்லுறது சரியில்லை, ஒரு பங்கு மிஞ்சும்.

தட்டார்தெரு:
பில் கணக்கு. நியூஜெர்சி விற்பனை வரி 6.625 வீதம். சாப்பாடு 400 டொலர் எண்டால் வரி 26.50, ரிப் 18 வீதம் பார்த்தால் 72, மொத்தம் 498.50. ரிப்பை வரிக்கு முந்தின தொகையில கணக்குப் பார்க்கிறது. 15 தொடக்கம் 20 வீதம் வழமை. ஆனால் ஆறு, எட்டுப் பேருக்கு மேல வந்தால் கன கடையள் ரிப்பை 'கிராச்சுயிற்றி' எண்ட பேரில தாங்களே சேர்த்திடும். பில்லை வாசிக்காமல் திருப்பியும் வைச்சால் ரெண்டுதரம் குடுத்த மாதிரி. தண்ணி கேட்டால் 'டாப் வோட்டர்' எண்டு சொல்லுங்கோ, அது இலவசம். போத்தல் தண்ணிக்குக் காசு.

மிச்சத்துக்குப் பெட்டி கேக்கிறதில வெக்கம் ஒண்டுமில்லை, அந்தக் கடையள் அதை எதிர்பார்த்துத்தான் போடுது. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பிறிட்ஜில 4 பாகை செல்சியஸுக்கு வைக்கவேணும். வெளியில 32 பாகை செல்சியஸுக்கு மேல வெக்கையெண்டால் ஒரு மணித்தியாலம்தான், அதால காரில வைச்சுக்கொண்டு ஊர் சுத்தாதேங்கோ. மூண்டு நாலு நாளுக்குள்ள முடிச்சிடுங்கோ. சூடாக்கேக்க தாச்சியில ரெண்டு மூண்டு மேசைக்கரண்டி தண்ணி விட்டு மூடுங்கோ. வெண்ணெயும் சீஸும் சேர்ந்த அல்ஃப்ரெடோ பாஸ்ராவுக்கு மட்டும் தண்ணிக்குப் பதிலா பால் விட்டு மெல்லிய நெருப்பில கிண்டவேணும், நெருப்பைக் கூட்டினால் நெய் பிரிஞ்சு மேல மிதக்கும்.