அம்மாவின் முதுகெலும்பு ஆபரேஷன்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் பால்மரம் சீவிய அம்மாவுக்கு இடுப்பில் எல்4 என்ற முதுகெலும்பு, அதற்குக் கீழே உள்ள எல்5 மேல் முன்னால் நழுவியிருக்கிறது. இரண்டையும் பிடித்து நிறுத்த ஸ்குரூ போட வேண்டுமாம். ஈப்போ டாக்டர் சி-ஆர்ம் எக்ஸ்ரே (ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் கருவி) பார்த்தபடி போடுவார். மாமாவோ, கோலாலம்பூர் போய் ரோபோ வைத்துச் செய் என்கிறார் (செலவு அவர் தரப்போவதில்லை!).

தண்டுவடம் அந்த இடத்துக்கு மேலேயே முடிந்துவிடும், அங்கே நரம்புகள்தான் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். போடும் ஸ்குரூ 2 மில்லிமீட்டருக்குள் விலகினால் பொதுவாகப் பாதகமில்லையாம். ஆனாலும் உள்பக்கம் அதிகம் விலகினால் நரம்பில் படுமே!

சி-ஆர்ம் முறையில் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? பிறகு கால் மரத்ததா? ஸ்குரூ சரியாக உட்கார்ந்ததா என்று சிடி ஸ்கேன் எடுத்தார்களா, எக்ஸ்ரேயோடு விட்டார்களா? அப்புறம், அம்மாவுக்கு எலும்பு அடர்த்தியும் குறைவு. ஸ்குரூ தளராமலிருக்க எலும்பு சிமெண்ட் வைத்துக்கொண்டவர்கள் அவசியம் சொல்லுங்கள்.